அப்பாவின் பிளாஸ்மாவும் அம்மாவின் அறுபத்தைந்து இஞ்சும்



இந்த வார எபிசோட்டில டிவி பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் பாதிக் கதை வெளியில நிண்டிட்டுது. மிச்சத்தை இங்க எழுதுறன். எபிசோட்டைக் கேக்காத ஆக்களும் வாசிக்கலாம், ஒண்டும் குறையாது.

2006ஆம் ஆண்டு எங்கட ஸ்காபரோ வீட்டுக்கு ஒரு பிளாஸ்மா டிவி வந்தது. 42 அங்குலம். அப்பா இரண்டு வேலை செய்த காலம். வரியோடு சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு டொலருக்குக் கிட்ட முடிந்தது. அதை மாதம் மாதம் ஒரு வருசம் கட்டினார். பெட்டியைத் தூக்க இரண்டு மாமாமார் வந்தார்கள். அம்மா சாமியறையில் இருந்து விபூதி கொண்டுவந்து அதன் மூலையில் பூசினா.

போன மாதம் அதே அம்மா, "தம்பி, அறுபத்தஞ்சு இஞ்ச் டிவி ஐந்நூறு டொலர் எண்டு பேப்பர்ல கிடக்கு, ஒண்டு பாத்து வாங்கித் தாவன்" எண்டு கேட்டா. அப்பா நம்பவில்லை. "அவ்வளவு மலிவெண்டா உள்ளுக்கு ஒண்டும் இராது" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கு. அரிசி, வாடகை, கார் இன்சூரன்ஸ் எல்லாம் ஏறுது. டிவி மட்டும் ஏன் இறங்குது? அதுவும் குறைந்த சாமானைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்றால் விளங்கும். இங்கே நடப்பது வேறு. அந்தக் காலத்து 42 அங்குல பிளாஸ்மாக்கள் பலவற்றில் 1024 × 768 புள்ளிகள்தான், அதாவது எட்டு லட்சத்துக்கும் குறைவு. இண்டைக்கு ஐந்நூறு டொலருக்கு வாற 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. அந்த ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியிலேயே பதித்த ஒரு டிரான்சிஸ்டர். கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி டிரான்சிஸ்டர் எங்கட வீட்டுச் சுவரில தொங்கப் போகுது.

விசயம் கண்ணாடியில இருக்கு. எல்சிடி திரையை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. அரை மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள ஒரு பெரிய கண்ணாடித் தகட்டை எடுத்து, அதன் மேல் டிரான்சிஸ்டர்களைப் படலம் படலமாகப் பதிக்கிறார்கள். நிற வடிகட்டிகளோடு இன்னொரு கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில் தலைமயிரை விட மெல்லிய இடைவெளியில் திரவப் படிகம். கடைசியில் வெட்டுகிறார்கள். இந்தப் பெரிய தகட்டுக்குத் தாய்க் கண்ணாடி என்று பெயர்.

வருசப் பிறப்புக்கு அம்மம்மா தொதல் கிண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்னத் தாச்சியில் கிண்டினாலும் பெரிய தாச்சியில் கிண்டினாலும் அடுப்படியில் நிற்கிற நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய தட்டில் கொட்டினால் துண்டு கூட வரும். கண்ணாடியும் அப்படித்தான். தகடு பெரிசானால் மெசினும் விலை கூடத்தான். ஆனால் ஒரு தடவை ஓடும்போது வெளியில வாற திரைகளின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடுது.

1990களின் தொடக்கத்தில் தாய்க் கண்ணாடி கிட்டத்தட்ட 30 × 40 சென்டிமீற்றர், ஒரு சாப்பாட்டுத் தட்டம் மாதிரி. லாப்டொப் திரை வெட்டத்தான் காணும். இண்டைக்கு 10.5ஆம் தலைமுறை என்று சொல்கிற தகடு 2.94 × 3.37 மீற்றர். பேஸ்மென்ட் அறை ஒன்றின் தரையே அவ்வளவுதான் இருக்கும்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 65 அங்குலத் திரை ஒன்று ஏறக்குறைய 1.44 × 0.81 மீற்றர். அதற்கு முந்தின 8.5ஆம் தலைமுறைத் தகட்டில் (2.2 × 2.5 மீற்றர்) இதில் மூன்றுதான் வெட்டலாம். தகட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சிப் போகும். அந்த மிச்சத்தில் சின்னத் திரைகள் வெட்டிச் சமாளிப்பார்கள். 10.5இல் எட்டு வெட்டலாம், மிஞ்சுவது ஆறு வீதம் அளவுதான். அதே தகட்டில் 75 அங்குலம் என்றால் ஆறு. 55, 65, 75 எண்ட இந்த அளவுகள் ஏன் எல்லாக் கொம்பனிக்கும் ஒரே மாதிரி எண்டு யோசிச்சிருக்கிறீங்களா? எங்கட வரவேற்பறையை அளந்து யாரும் முடிவெடுக்கேல்லை. தொதல் தட்டில ஓரம் மிஞ்சாமல் வெட்டுற கணக்குத்தான் அது.

இன்னொரு விசயம், அதிகம் பேர் சொல்லாதது. திரவப் படிகத்தை முந்தி இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓரத்தால உறிஞ்ச விட்டுத்தான் நிரப்பினார்கள். பெரிய திரைக்கு அது நாள்கணக்கில் எடுக்கும். 2000களின் தொடக்கத்தில் முறையை மாற்றினார்கள். முதலில் ஒரு கண்ணாடியில் துளித் துளியாக விட்டு, பிறகு மற்றதை மேலே மூடுவது. நாள்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. கேட்டால் சின்ன விசயம். அது இல்லாமல் சுவர் அளவு டிவி மலிவாக வந்திருக்காது.

ஆனால் தொழில்நுட்பம் மட்டும் விலையைக் குறைக்கவில்லை. போட்டியும் குறைத்தது, அதில் பெரிய பெரிய ஆக்கள் விழுந்தார்கள். பிளாஸ்மா 1964இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 42 அங்குல டிவியாக 1997இல் கடைக்கு வந்தபோது விலை 15,000 அமெரிக்க டொலர் அளவில். படம் அருமை, கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஆனால் எல்சிடியின் விலை இறக்கத்தோடு அதனால் ஓட முடியவில்லை. பானசோனிக் 2013 கடைசியில் உற்பத்தியை நிறுத்தியது, அடுத்த வருசம் சாம்சங்கும் எல்ஜியும் நிறுத்தின.

ஜப்பானில் ஷார்ப் கொம்பனி 2009இல் சக்காய் நகரத்தில் உலகின் முதல் 10ஆம் தலைமுறைத் தொழிற்சாலையைத் திறந்தது. பெருமையான விசயம். பிறகு சீனாவின் பிஓஈ கொம்பனி ஹெஃபெய் நகரத்தில் 10.5ஐக் கட்டி 2017 கடைசியில் ஓடத் தொடங்கியது. ஹெஃபெய் நகர அரசே பிஓஈயில் பணம் போட்டிருந்தது. கண்ணாடி செய்கிற கோர்னிங் கொம்பனி பக்கத்திலேயே தொழிற்சாலை போட்டது. மூன்று மீற்றர் கண்ணாடியை லொறியில் ஏற்றித் தூர இடத்துக்குக் கொண்டுபோகிற வேலை லேசானதில்லைத்தானே. டிசிஎல்லின் சிஎஸ்ஓடியும் அதே அளவில் இறங்கியது. திரைகள் தேவைக்கு மேல் குவிந்தன. சாம்சங் 2022இல் எல்சிடித் திரை செய்வதை விட்டது. சக்காய் 2024இல் டிவித் திரையை நிறுத்தியது, அந்த இடம் தரவு மையம் ஆகுது. நாங்கள் ஐந்நூறு டொலருக்கு வாங்குறதுக்குப் பின்னால இத்தனை கதவு மூடியிருக்கு.

இந்தப் போட்டி எப்பவும் நேர்மையாக நடந்ததும் இல்லை. 2001 முதல் 2006 வரை எல்சிடித் திரை செய்த பல கொம்பனிகள் இரகசியமாகக் கூடி விலையைத் தங்களுக்குள் பேசி வைத்தன. அமெரிக்க நீதித்துறை பிடித்தது. எல்ஜி டிஸ்பிளே 40 கோடி டொலர் அபராதம் கட்டியது, தாய்வானின் ஏயு ஒப்ட்ரோனிக்ஸுக்கு 2012இல் 50 கோடி. இதை அப்பாவுக்குச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்றார். அவர் வாங்கினது பிளாஸ்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை எண்டதை நான் விட்டிட்டன்.

சரி, கடையில் போய் நின்றால் குழப்புகிற பெயர்கள். எல்ஈடி டிவி என்பது எல்சிடிதான், பின்னால் வெளிச்சம் தருகிற குழாய் விளக்குக்குப் பதில் எல்ஈடி. கியூலெட் என்பதும் எல்சிடிதான். அதில் குவாண்டம் புள்ளி என்ற நுண்ணிய துகள்ப் படலம் ஒன்று கூட இருக்கு, நிறம் துப்புரவாக வரும். அந்தத் துகள்களுக்காகத்தான் 2023இல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. மினி எல்ஈடி என்றால் பின்விளக்குகளைச் சின்னதாக்கி ஆயிரக்கணக்கில் வைத்து, படத்தில் இருட்டான இடத்தில் மட்டும் மங்க வைப்பது. ஓலெட்தான் முற்றிலும் வேறு சாதி. அதற்குப் பின்விளக்கே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். படம் என்று பார்த்தால் என்னுடைய வாக்கு அதற்குத்தான். ஆனால் நாள் முழுக்க ஒரே தமிழ்ச் சனல் ஓடுற வீட்டில மூலையில இருக்கிற லோகோ நாளடைவில தழும்பு மாதிரி விழுந்துவிடலாம். அம்மாவுக்கு அது சரிவராது.

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். உள்ளுக்கு ஒன்றும் இல்லையா? இருக்கு. சில வேளை நாங்கள் கேக்காததும் இருக்கு.

அமெரிக்காவில் விசியோ என்றொரு மலிவு டிவிக் கொம்பனி. 2021இல் பங்குச் சந்தைக்கு வந்ததால் அதன் கணக்குகள் எல்லாருக்கும் தெரிய வந்தன. டிவி விற்ற லாபத்தை விட, திரையில் விளம்பரம் காட்டியும் பார்வைத் தரவை விற்றும் வந்த லாபம் கூட. 2024இல் வோல்மார்ட் அந்தக் கொம்பனியை 230 கோடி டொலருக்கு வாங்கியது. பல்பொருள் கடைக்கு டிவிக் கொம்பனி எதற்கு என்று கேட்டால் பதில் அந்தக் கணக்கில் இருக்கு.

தரவு எப்படிப் போகுது? பல ஸ்மார்ட் டிவிகள் திரையில் ஓடுவதன் சின்னச் சின்ன மாதிரிகளை எடுத்து, ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கின்றன. பாட்டுக் கேட்டுப் பெயர் சொல்கிற ஆப் மாதிரித்தான். கேபிளில் வந்தாலும், கேம் பெட்டியில் வந்தாலும் அதற்குத் தெரியும். இதே விசியோ 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் ஆக்களிடம் சரியாகக் கேட்காமல் இப்படிச் செய்ததற்காக 2017இல் 22 லட்சம் டொலர் கட்டி வழக்கை முடித்தது.

நிறுத்தலாம். செற்றிங்ஸ் உள்ளே பிரைவசி பக்கத்தில் பார்வைத் தகவல், தானாக அடையாளம் காணல் என்ற மாதிரிப் பெயரில் இருக்கும். ஒவ்வொரு கொம்பனியும் வேறு பெயர் வைத்து ஒளிக்கும். முதல் நாளே வருகிற "சம்மதம்" பக்கங்களில்தான் முக்கால்வாசியும் நடக்குது. எங்கட அம்மா அப்பா அந்தப் பக்கங்களை வாசிக்கப் போறதில்லை, எல்லாத்துக்கும் ஓகே அமத்திப்போட்டு நாடகத்துக்குப் போயிடுவினம். அதனால டிவி வாங்கிக் குடுத்தால் மட்டும் காணாது, முதல் அரை மணித்தியாலம் பக்கத்தில இருக்கோணும்.

அப்பா சொன்னதில் இன்னொரு பாதியும் உண்மை. இடையில் 2019இல் நான் வாங்கிக் கொடுத்த ஒரு மலிவு டிவி நாலு வருசத்தில் பின்விளக்கு போய்ச் சத்தம் மட்டும் வந்தது. போனது சில எல்ஈடிதான். திருத்தக் கேட்ட காசுக்குப் புதிசே வாங்கலாம். அந்த பிளாஸ்மா இண்டைக்கும் பேஸ்மென்டில் ஓடுது, குளிர்காலத்தில் அறையையும் கொஞ்சம் சூடாக்குது.

கடைசியில் 65 அங்குலம், மினி எல்ஈடி, அம்மா பார்த்த விலையை விட இருநூறு டொலர் கூட. வந்த முதல் நாள் பழைய படம் ஒன்று போட்டா. "என்னடா, படம் நாடகம் மாதிரிக் கிடக்கு" என்றா. கண் சரியாகப் பிடித்திருக்கு. படத்தில் நொடிக்கு 24 காட்சி, டிவி நடுவில் தானே இல்லாத காட்சிகளைச் செய்து சொருகுது. அசைவை மென்மையாக்குகிற அந்த வசதியை நிறுத்தினேன், படம் திரும்பப் படம் ஆகியது.

அப்பா கிரிக்கெட் பார்க்க மட்டும் மேலே வாறார். இப்ப அவருடைய முறைப்பாடு, பேசுறது கேக்குதில்லையாம். அது உண்மை. இவ்வளவு மெல்லிய பெட்டிக்குள்ள ஸ்பீக்கருக்கு எங்க இடம்? அடுத்த கிழமை சவுண்ட்பார் பற்றிக் கதைப்பம். உங்கட வீட்டு டிவியில அந்த பிரைவசிப் பக்கம் எந்தப் பெயரில ஒளிஞ்சிருக்கு எண்டு கண்டுபிடிச்சால் எழுதி அனுப்புங்கோ, எபிசோட்டில வாசிக்கிறம்.