கேட்கக் கற்பிப்பது



2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கடற்கரைக்கு அரிசி, துணிமணிகளோடு உளவள ஆலோசகர்களும் வந்தார்கள். பலர் சில நாள் பயிற்சி மட்டுமே பெற்றவர்கள். மனக்காயம் ஆற்ற வருகிறவருக்கு எதைக் கற்பிக்க வேண்டும்? ஆய்வு முடிவுகள் மூன்றை இங்கே முன்வைக்கிறோம்.

முதலாவது, பேரிடர் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைப்பது. இத்தகைய சோதனைகளைத் தொகுத்த 2002ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, இம்முறை பிற்கால மனப்பாதிப்பைத் தடுத்ததற்குச் சான்றில்லை, தீங்கும் நேரலாம் என்றது. ‘அழவைத்தால் ஆறிவிடும்’ என்ற நம்பிக்கையை முதல் வகுப்பிலேயே கைவிட வேண்டும்.

இரண்டாவது, சிகிச்சை தர மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வுற்ற 495 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் அளித்த ஆலோசனை பலன் தந்தது. அங்கே அமர்வுகளின் ஒலிப்பதிவைச் சக ஆலோசகர்கள் கூடிக் கேட்டு மதிப்பிட்டார்கள். பயிற்சி வகுப்பறையோடு முடியவில்லை.

மூன்றாவது, எந்தச் சிகிச்சை முறையானாலும் இருவருக்குமிடையிலான நம்பிக்கை வலுத்தால் குணமும் கூடுகிறது என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகள் காட்டுகின்றன.

நம் நாட்டில் இந்த நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்பது சாதி. படிவம் நிரப்ப ஆலோசகர் ‘எந்தத் தெரு?’ என்று கேட்கிறார். எதிரே இருப்பவர் காதில் அது ‘என்ன சாதி?’ என்றே விழுகிறது. ஆழிப்பேரலை நிவாரணம் படகை மையமாக வைத்தது. படகில்லாத தலித் கூலிகளும், உப்பங்கழியில் கையால் இறால் பிடித்த இருளர்களும் ஓரங்கட்டப்பட்டார்கள். அந்த அவமானத்தைச் சொல்கிறவரிடம் ‘அது அரசியல், உங்கள் மனதைப் பற்றிப் பேசுங்கள்’ என்றால் அவர் மறுபடி வரமாட்டார்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சாதிப் பாகுபாடற்ற சிகிச்சையை உரிமையாக்கியிருக்கிறது. அது பாடத்திட்டத்திலும் வர வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தன் சாதி தனக்கு எதையெல்லாம் கேட்கவிடாமல் செய்கிறது என்று வகுப்பில் பேசட்டும். சாதி பற்றிய பேச்சு எழுந்தபோது ஆலோசகர் என்ன செய்தார் என்பதும் ஒலிப்பதிவு மதிப்பீட்டில் இடம்பெறட்டும்.

சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கிய சிதம்பரத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் உளவியல் கற்பிக்கிறது. சேரிப் பிள்ளைகள் ஆலோசனை பெறுவோராக மட்டும் நிற்காமல் ஆலோசகராகவும் பயிற்றுநராகவும் அமர வேண்டும். இக்கோரிக்கையை மாணவத் தோழர்கள் முன்னெடுங்கள். நாங்கள் உடன் நிற்போம்.