புகையை விலக்கிய பெட்டி

மண்ணுக்கு வடிவம் தருவது கை. நிறம் தருவது நெருப்பு. இவ்வுண்மையைச் 'சாகர்' என்னும் சுடுமண் பெட்டியின் வரலாற்றில் தெளிவாகக் காண்கிறோம்.

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் நிலக்கரிச் சூளைகள் எரிந்த காலத்தில், புகையும் சாம்பலும் படியாதவாறு பீங்கான் கலங்களை இப்பெட்டிகளுள் வைத்தே சுட்டனர். பெட்டியின் அடித்தட்டுக்குரிய களிமண்ணை இரும்பு வளையத்துள் இட்டு, கனத்த சம்மட்டியால் அடித்துப் பரப்பியவன் பெரும்பாலும் ஒரு சிறுவனே. வெண்ணிறக் கோப்பையைப் போற்றும் நாம், அதன் பின்னே இருந்த அப்பிஞ்சுக் கைகளின் உழைப்பை மறத்தலாகாது. 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப்பின் அச்சூளைகள் படிப்படியாக அணைந்தன.

இன்றைய கலைஞர்களோ அதே பெட்டியை நேர்மாறாகப் பயன்படுத்துகின்றனர். தேய்த்து வழவழப்பாக்கிய, கண்ணாடிப் பூச்சற்ற கலத்தைச் சுற்றி மரத்தூள், உப்பு, மயில்துத்தம், அன்னபேதி ஆகியவற்றை இட்டு மூடிச் சுடுகின்றனர். மரத்தூள் கருமையையும், செம்பு இளஞ்சிவப்பையும், இரும்பு செம்மஞ்சளையும் பழுப்பையும் தரும். எனினும் எந்நிறம் எங்கே படியும் என உறுதி கூற எவராலும் இயலாது. சில கலங்கள் வெடித்தும் போகும்.

இங்கு இரு எச்சரிக்கைகள் தேவை. சுடும்போது எழும் ஆவி நச்சுடையது. வீட்டினுள் இதனைச் செய்தல் தகாது. கலமும் நுண்துளைகள் உடையதாதலால் உணவுக்கோ குடிநீருக்கோ உதவாது, கண்ணுக்கே விருந்தாகும்.

மாசு என அன்று விலக்கிய புகையே இன்று அணியாயிற்று. நம் இல்லங்களிலும் குறை என ஒதுக்கியவற்றை மீண்டும் ஒருமுறை நோக்குவோமாக!