வைக்கோலுக்குள் ஒரு காவல்காரன்!

மூன்றாமாண்டு, கெமிக்கல் பிரிவு



'ஹெமிசெல்லுலோஸ்' என்ற பெயரைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் மணவாள நகரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் சைக்கிளை மிதித்தால் கண்ணில் படுகிற வைக்கோல் போரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நாம் சாப்பிடும் சோறும், மாடு தின்னும் வைக்கோலும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு என்றால் நம்புவீர்களா? சோற்றிலுள்ள ஸ்டார்ச்சும் வைக்கோலிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிகள்தாம். முன்னதில் இணைப்பு ஆல்ஃபா வகை, பின்னதில் பீட்டா வகை. அவ்வளவுதான் வித்தியாசம்! அந்தப் பீட்டா இணைப்பை வெட்டும் என்சைம் நம் உடம்பில் சுரப்பதில்லை. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. அதன் பெயர் செல்லுலேஸ்.

தொழிற்சாலைகளுக்கு இந்த என்சைமைத் தருவது 'டிரைக்கோடெர்மா ரீசி' என்னும் பூஞ்சை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணிகளை அரித்துத் தின்ற அதே பூஞ்சைதான்!

கணக்கு எங்கே இடிக்கிறது?

பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள், டில்லிக்கு மூச்சு முட்டுகிறது. அதையே எத்தனாலாக மாற்ற, பானிபட்டில் இந்தியன் ஆயில் அமைத்த ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அதாவது டன்னுக்கு 150 லிட்டர்.

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். காய்ந்த வைக்கோலில் செல்லுலோஸ் சுமார் 35 சதவீதம். அது முழுக்க குளுக்கோஸாகி, முழுக்கப் புளித்தால் டன்னுக்குச் சுமார் 250 லிட்டர் வரவேண்டும். ஈரப்பதம், புளிப்பில் நஷ்டம் எல்லாம் போக, மீதியில் ஒரு பங்கைத் தடுத்து வைப்பவர்தான் நம் கட்டுரை நாயகர்.

செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் போர்வை மாதிரி ஒட்டியிருக்கிறது. வைக்கோலில் இது முக்கியமாக சைலான், அதாவது ஐந்து கார்பன் கொண்ட சைலோஸ் சர்க்கரையின் சங்கிலி. பக்கத்தில் அசிட்டைல் தொகுதிகளும் தொங்கும். ஒருபுறம் செல்லுலோஸைப் போர்த்தி, மறுபுறம் லிக்னினோடு கைகோத்து நிற்கும். என்சைம் வந்து பார்த்தால் கதவு சாத்தியிருக்கும்!

சரி, போர்வையை உரித்துவிட்டால் போதுமா? அங்கேதான் வேடிக்கை. சைலான் பாதி உடைந்தால் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கரைசலில் மிதக்கும். செல்லுலேஸில் ஒரு வகைக்குச் சுரங்கப்பாதை போன்ற வாய் உண்டு. செல்லுலோஸ் சங்கிலி நுழைய வேண்டிய அந்த வாயில் இந்தத் துண்டுகள் போய் மாட்டிக்கொள்ளும். தனி சைலோஸை விட இந்தத் துண்டுகளே அதிகம் தடுக்கின்றன. போர்வையாக இருந்தபோது வாசலில் நின்றவன், உடைந்தபின் பூட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறான்!

கோபத்தில் அமிலத்தையும் சூட்டையும் கூட்டிவிடலாமா? கூடாது. சைலோஸ் சிதைந்து ஃபர்ஃப்யூரல் ஆகும். அது ஈஸ்டுக்கு ஆகாது. ஆக, அளவான அமிலமும் நீராவியும் கொண்டு முதலில் தளர்த்தி, பிறகு செல்லுலேஸோடு சைலனேஸ், பீட்டா சைலோசிடேஸ் என்ற என்சைம்களையும் சேர்ப்பதே வழி. அப்போது துண்டுகள் முழுசாக சைலோஸாகிவிடும். சாதாரண ஈஸ்ட் சைலோஸைத் தொடாது. மரபணு மாற்றிய ஈஸ்ட் அதையும் புளிக்க வைக்கும். வைக்கோலில் 20 சதவீதம் சைலான் என்று வைத்துக்கொண்டால், டன்னுக்கு இன்னொரு 145 லிட்டர்வரை அதில் ஒளிந்திருக்கிறது. எதிரி என்று நினைத்தவன் கூட்டாளியாகிறான்!

நம்மூர் வைத்தியம்

இந்தச் சூத்திரம் கால்நடைத் துறைக்குப் பழசு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைப்பார்கள். யூரியா அம்மோனியாவாகி, ஹெமிசெல்லுலோஸுக்கும் லிக்னினுக்கும் இடையிலுள்ள எஸ்டர் பிணைப்புகளை அறுக்கும். மாட்டுக்கு அதே வைக்கோல் அதிகமாகச் செரிக்கும். (அளவு தப்பினால் மாட்டுக்கு விஷம். கால்நடை மருத்துவரைக் கேட்காமல் யாரும் இறங்க வேண்டாம்.)

தோழர்களே, பெரிய ஆலையில் வால்வைத் திறப்பதும், பி.எச். பார்ப்பதும், சூட்டைக் காப்பதும் டிப்ளமோ படித்த நம் கைகள்தாம். பத்து டிகிரி கூடினால் ஃபர்ஃப்யூரல், குறைந்தால் பாதி உடைந்த துண்டுகள். இரண்டுக்கும் நடுவில்தான் லாபமும், கொளுத்தாத வயலும் இருக்கின்றன. மீட்டரைப் பார்க்கிற கண்ணுக்கு மூலக்கூறும் தெரிந்திருந்தால், அந்த நடுவை நம்மால் பிடிக்க முடியும்!