ரேஸுக்கு நாலே நாள்... திருத்தணி படி ஏறலாமா?

தறிச் சத்தத்துக்குப் பேர்போன அம்மையார்குப்பம் பக்கத்தில் இருந்து சென்னை மாரத்தானுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. டிசம்பர் 31 அன்று திருத்தணியில் படித் திருவிழா. 365 படிகளுக்கும் பூஜை, நள்ளிரவில் புத்தாண்டு தரிசனம். 2025ல் மாரத்தான் நடந்தது ஜனவரி 5. நடுவில் நாலே நாள்!

ஏறுவதைவிட இறங்குவதுதான் கால்களுக்கு வில்லன். ஒவ்வொரு படி இறங்கும்போதும் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. அதில் நுண்ணிய சேதம் ஏற்படும். வலி உடனே தெரியாது. மறுநாள் தொடங்கி மூன்றாம் நாள் வரை படுத்தும். படி ஏறி இறங்கிப் பழகினவங்களுக்குப் பரவாயில்லை. புதுசா ஏறுறவங்க, தரிசனம் முடிச்சு வண்டியில் இறங்கிடலாம். முருகன் கோச்சுக்க மாட்டார்.

சரி, கடைசி வாரம் எவ்வளவு ஓடலாம்? வேகத்தைக் குறைக்காமல், பயிற்சியின் அளவை மட்டும் கடைசி 2 வாரங்களில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பதே நல்ல பலன் தருகிறது என்கிறது 2007ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு. வாரம் 30 கி.மீ. ஓடி, 10 கி.மீ. ரேஸுக்குப் போகிறவர் என்றால் செவ்வாய் 6, வியாழன் 5 (நடுவில் சில நிமிடம் ரேஸ் வேகம்), சனி மெதுவாக 3. அவ்வளவுதான்.

'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று வெள்ளிக்கிழமை 12 கி.மீ. ஓடினால், ஞாயிறுக்குள் களைப்பு மட்டும்தான் மிஞ்சும். புது ஷூவும் வேண்டாம்.

ரேஸ் தொடங்குவது விடியும் முன். அன்றைக்குக் காலை திருத்தணி ரயிலை நம்ப முடியாது. பிப் வாங்க எப்படியும் முன்னாடியே போகணும், சனிக்கிழமை ராத்திரி சென்னையிலேயே தங்கிடுங்க.