சுரத்தலும் பிணைத்தலும்: ஒரு கலைச்சொல் விளக்கம்

பாக்டீரியா தன் சவ்வைக் கடந்து புறத்தே செலுத்தும் புரதத்தைச் 'சுரப்புப் புரதம்' எனலாமா? சுரத்தல் என்பது ஊறி வெளிப்படுதல். பாலும் ஊற்றுநீரும் சுரப்பன. ஆயின், சவ்வைக் கடந்த புரதங்கள் அனைத்தும் செல்லை விட்டு நீங்குவதில்லை.

ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவின் 'புரதம் ஏ' இதற்குச் சான்றாகும். 1999இல் கண்டறியப்பட்ட சார்ட்டேஸ் என்னும் நொதி, இப்புரதத்தின் இறுதிப் பகுதியில் திரியோனினுக்கும் கிளைசினுக்கும் இடையே வெட்டி, அதனைச் செல்சுவருடன் பிணைக்கிறது. சுவரில் நிலைத்த புரதம் எதிர்ப்பொருளைத் தலைகீழாகப் பற்றுவதால், விழுங்கும் வெள்ளணுக்கள் பாக்டீரியாவை எளிதில் இனங்காண்பதில்லை.

இதனைச் சுரப்பு என்றே பெயர்த்தால், புரதம் அகன்றுவிட்டதாகக் கொள்ளப்பட்டு நோயின் இயல்பே பிறழ உணரப்படும். எனவே சவ்வைக் கடத்தற்கு 'வெளிச்செலுத்தல்', செல்லினின்று நீங்குதற்குச் 'சுரத்தல்', சுவரில் நிலைத்தற்குச் 'சுவர்ப்பிணைப்பு' என வேறுபடுத்தி ஆளுதல் தகும்.