முன் ஃபோர்க்கும் ஏ.பி.எஸ். கம்பியும்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இருமருங்கும் தாங்கி நிற்கும் ஃபோர்க் குழல்களில் எண்ணெய் கசியுமாயின் அதனை அற்பமென்று எண்ணலாகாது. அவ்வெண்ணெய் பிரேக் தகட்டிற் படியின் வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது. தேய்ந்த ஆயில் சீலை உடனே மாற்றுதல் வேண்டும்.

மேற்பிடியைத் தளர்த்தி, குழல் வண்டியில் இருக்கும்போதே அதன் தலைமூடியைச் சிறிது நெகிழ்த்துக. கழற்றியபின் முயன்றால் குழலே சுழலும்.

ஏ.பி.எஸ். உள்ள வண்டியிலோ வேறொரு கவனமும் வேண்டும். 1988-ல் பி.எம்.டபிள்யூ. கே100 வண்டியில் வந்த இவ்வேற்பாடு, இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகட்குக் கட்டாயமாயிற்று. சக்கரத்தோடு சுழலும் வளையத்தைக் கொண்டு அதன் வேகத்தைச் சென்சார் அறிவிக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளுந் தறுவாயில் பிரேக்கின் அழுத்தம் கணத்தில் தளர்ந்து மீளும். சென்சார்க் கம்பி ஃபோர்க்கை ஒட்டியே செல்வதால் அதனை முன் சென்ற வழியிலேயே செலுத்துக. இழுபடினும் டயரில் உரசினும் அறுந்துபோம். காலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடலாகாது. அது கழன்றிருக்கையில் பிரேக் பிடியை அமுக்கலுமாகாது. பழக்கதோஷத்தால் அமுக்கிவிட்டு வருந்துவோர் உளர்!

எல்லாம் பூட்டியபின் மெல்ல ஓட்டின் ஏ.பி.எஸ். விளக்கு அணையும். அணையாவிடில் பிரேக் பிடிக்குமேயன்றிச் சக்கரம் பூட்டுவதைத் தடுக்காது. சென்சாரையும் கம்பியையும் மறுபடி நோக்குக.