இளங்கலைப் பாடமாகக் கிறிஸ்தவம்

மேட்டூர் அணையைச் சூன் 12-ஆம் நாள் திறப்பது மரபு. புதுநீர் கல்லணையைக் கடந்து தஞ்சைக் கழனிகளை நாடிவரும் அக்காலத்திலேயே, மேனிலைப் பள்ளித் தேர்வில் தேறிய பிள்ளைகள் கல்லூரியில் இடந்தேடித் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்திற்கும் பொறையாற்றுக்கும் பேருந்து ஏறுகின்றனர். தமிழ், வரலாறு, கணிதம், வணிகவியல் என்று நீளும் பாடப் பட்டியலில் 'கிறிஸ்தவம்' என்றொரு பாடம் பொதுவாக இடம்பெறுவதில்லை. அதைக் கற்க விரும்புவதாக ஒரு பிள்ளை சொன்னால், "போதகராகப் போகிறாயா?" என்றுதான் வீட்டாரும் சபையாரும் கேட்பர். கிறிஸ்தவத்தை முறையாகக் கற்பது குருத்துவப் பணிக்குச் செல்வோருக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் இக்கேள்வியில் அடங்கியுள்ளது. இவ்வெண்ணம் சரியானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இருவகைக் கல்வி

நம் நாட்டில் இறையியல் பட்டக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1818-இல் தொடங்கப்பெற்ற செராம்பூர் கல்லூரி, 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. 1918-இல் இயற்றப்பட்ட செராம்பூர் கல்லூரிச் சட்டம் அவ்வுரிமைக்கு உரிய அமைப்பை வகுத்தது. மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற நிறுவனங்கள் இம்மரபில் நின்று போதகர்களை ஆயத்தப்படுத்துகின்றன. இங்குக் கல்வியும் அழைப்பும் இணைந்தே செல்கின்றன. திருச்சபை மாணவரை அனுப்புகிறது; திருச்சபையே அவரைத் திரும்பப் பெறுகிறது.

பல்கலைக்கழகக் கல்வி வேறு தன்மையது. அதில் கிறிஸ்தவம் மனித வரலாற்றையும் சிந்தனையையும் உருவாக்கிய சமயங்களுள் ஒன்றாகக் கற்கப்படுகிறது. மாணவரின் சமயம் எது என்று அங்கு யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தில் 1967-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் தலைமையில் தொடங்கிய சமயக் கல்வித் துறை இந்நோக்கை உலகறியச் செய்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிறிஸ்தவ ஆய்வுத் துறை அமைந்தது. ஆயினும் அது முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது. முதல் பட்டத்தை நாடும் பதினேழு வயது மாணவருக்கு அதனால் வழி பிறக்கவில்லை.

2. அரசியலமைப்பு தடுக்கிறதா?

அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசு நிதியால் நடைபெறும் கல்வி நிறுவனங்களில் சமய போதனை கூடாது என்கிறது. இதைக் காட்டியே பலர் சமயக் கல்வியை முற்றிலும் விலக்குகின்றனர். ஆனால் போதனை வேறு. சமயத்தைப் பற்றிய கல்வி வேறு. 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, இளங்கலை மாணவர் முதலாண்டில் சமயப் பெரியோரின் வாழ்வையும், இரண்டாம் ஆண்டில் சமய நூற்பகுதிகளையும், மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தின் முதன்மைச் சிக்கல்களையும் கற்கலாம் எனப் பரிந்துரைத்தது. 1964-66-இன் கோத்தாரிக் குழுவும் மேற்சொன்ன வேறுபாட்டை எடுத்துரைத்தது. 1971-லும் 2002-லும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளும், சமயத்தைக் கல்விப் பொருளாகப் பயில்வது 28-ஆம் பிரிவுக்கு முரணன்று என்னும் கருத்தையே உறுதி செய்தன. எனவே இங்குக் குறுக்கே நிற்பது சட்டமன்று, வழக்கமே ஆகும்.

3. தரங்கம்பாடி தரும் முன்மாதிரி

மற்றவர் சமயத்தை ஆழ்ந்து கற்கும் பழக்கம் காவிரி கடலைச் சேரும் இப்பகுதிக்குப் புதிதன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் ஏடுகளைத் தொகுத்தார். தமிழரிடம் வினாக்கள் எழுப்பி அவர்தம் விடைகளைக் கடிதங்களாகப் பெற்றார். 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைக் குறித்து ஜெர்மன் மொழியில் விரிவான நூலொன்றை எழுதி முடித்தார். அந்நூல் ஐரோப்பாவில் அச்சேறாமல் கிடந்து, 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. அருட்பணியாளர் பிற சமயத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கற்பதன் பயனை அவரை அனுப்பியோர் உணரவில்லை போலும். ஒரு கிறிஸ்தவர் பிறர் சமயத்தைக் கற்றது கல்வியாயின், இன்று ஓர் இந்து மாணவரோ இஸ்லாமிய மாணவரோ கிறிஸ்தவத்தைக் கற்பதும் கல்வியே. நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி ஆலயமும் அடுத்தடுத்து நிற்கும் நாட்டில் இதற்குத் தேவையும் மிகுதி.

4. பாடத்தின் உள்ளடக்கம்

இத்தகைய பட்டத்தில் திருமறை, திருச்சபை வரலாறு, கோட்பாடு, அறநெறி, கலை ஆகியவை இடம்பெறும். எபிரேயம், கிரேக்கம் ஆகியவற்றின் தொடக்க அறிவும் துணையாகும். இவற்றோடு மாணவரின் சொந்த மண்ணும் பாடநூலாக வேண்டும்.

தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவில் 1779-இல் எழுப்பப்பட்ட சுவார்ட்சு ஆலயத்தில், மன்னர் இரண்டாம் சரபோஜி தம் ஆசானுக்காகச் செய்வித்த பளிங்குச் சிற்பம் உள்ளது. அதை வடித்தவர் ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மன். இந்து மன்னர் ஒருவர் கிறிஸ்தவக் குருவுக்கு நினைவுச் சின்னம் அமைத்தது ஏன் என்று வினவினாலே, அரசியலும் சமயமும் கலையும் சேர்ந்த ஒரு பருவப் பாடம் உருவாகும். வேதநாயகம் சாஸ்திரியார் தம் பெத்லகேம் குறவஞ்சியில் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவத்தோடு புதிய வானநூல் அறிவையும் இணைத்தமை தமிழ் மாணவரும் ஆராயத்தக்கது.

கசப்பான பக்கங்களும் உண்டு. 1733-இல் ஆரோன் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று, இந்தியச் சீர்திருத்தச் சபையாரின் முதல் போதகரானார். தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் உழைத்த இராஜநாயக்கன் என்னும் உபதேசியாரோ, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த காரணத்தால் அப்பட்டம் பெறவில்லை. அவர் கையால் நற்கருணை பெற உயர்சாதிச் சபையார் இசையார் என்று அருட்பணியாளர் அஞ்சினர். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதிவேற்றுமை ஒழியவேண்டும் என ஆணையிட்டபோது தஞ்சைச் சபை பிளவுற்றது. இவ்வரலாற்றை ஞாயிறு பள்ளியில் சொல்வதற்கு நாம் தயங்குகிறோம். பல்கலைக்கழக வகுப்பில் அதைத் தயக்கமின்றிச் சொல்லியே ஆகவேண்டும். களத்துமேட்டில் கூலிக்கு நெல் தூற்றும் குடும்பத்தின் பிள்ளை, தன் முன்னோருக்குச் சபை எதைத் தந்தது, எதை மறுத்தது என்பதைச் சான்றுகளோடு அறியும் உரிமை உடையது.

5. யாழ்ப்பாணத்தில் நடப்பது

இதெல்லாம் தமிழில் கூடுமா என்று ஐயுறுவோர் இலங்கையை நோக்கலாம். அங்குக் கல்விப் பொதுத் தராதர உயர்தரத் தேர்விலேயே கிறிஸ்தவமும் கிறிஸ்தவ நாகரிகமும் பாடங்களாக உள்ளன. 1974-இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் கலைமாணிப் பட்டத்திற்குரிய பாடம். போரின் நெடிய ஆண்டுகளைக் கடந்தும் அப்பல்கலைக்கழகம் நிலைத்து நிற்கிறது. கலைச்சொற்களும் பாடநூல்களும் வேண்டுமானால் நாம் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை.

6. விசுவாசத்திற்கு இடறலாகுமா?

பெற்றோர் அஞ்சுவது இதற்கே. ஐந்து ஆகமங்களின் உருவாக்கத்தையும் நற்செய்தி நூல்களிடையே உள்ள வேறுபாடுகளையும் முதன்முறை கேட்கும் இளைஞர் கலங்குதல் இயல்பு. ஆயின், கேள்வியே கேளாத விசுவாசம் முதல் கேள்வியிலேயே சாய்ந்துவிடும். நாற்றங்காலிலேயே நின்றுவிடும் பயிர் கதிர் முற்றுவதில்லை, பிடுங்கி நடும்போது அது சில நாள் வாடுகிறது, பின்பே வேர்பிடிக்கிறது. அவ்வாடும் நாட்களில் மாணவருக்குத் துணையிருக்க வேண்டியது சபையின் கடமை. பல்கலைக்கழகம் அதைச் செய்யாது.

வேலைவாய்ப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். இப்பட்டத்திற்கென்று தனி வேலை ஏதும் காத்திருப்பதில்லை. வரலாறு, தத்துவம் கற்றோரைப் போலவே ஆசிரியப் பணி, இதழியல், சமூகப் பணி, அரசுத் தேர்வுகள் ஆகியவற்றையே நாடவேண்டும். நிலமற்ற குடும்பத்தின் பிள்ளைக்கு மூன்றாண்டுகள் சிறு விலையன்று. ஆகவே முதலில் தனிப்பட்டமாக அன்றி, வரலாற்றோடும் தமிழோடும் இணைந்த துணைப்பாடமாக இதைத் தொடங்குவதே அறிவுடைமை. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் நம் கிறிஸ்தவக் கல்லூரிகள் முன்வந்து, பாடத்திட்டம் வகுத்து, பல்கலைக்கழகத்தின் இசைவைக் கோரலாம். இறையியல் கல்லூரிகள் ஆசிரியர்களையும் நூல்களையும் தந்து உதவலாம்.

"போதகராகப் போகிறாயா?" என்னும் கேள்வி தவறானதன்று, அது ஒன்றே கேள்வியாக நிற்பதே குறை. "எதை அறிய விரும்புகிறாய்?" என்றும் நம் பிள்ளைகளைக் கேட்கத் தொடங்குவோமாக.